மலையகப் பெண்ணின் ஓவியம் மலையேறுவது எப்போது?

தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் நூறாண்டுக்கும் மேலாக ஒரே காட்சியே இடம்பெற்று வருகின்றது. முதுகில் கொழுந்துக்கூடை, விரல்களில் தளிர், முகத்தில் புன்னகை. தோமஸ் லிப்டன் 1890 இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கிய காலந்தொட்டு உலகம் அறிந்த மலையகப் பெண் இவளே. ஆயினும், அப்படத்தை வரைந்தவள் அவளல்லள்.

இந்நிலை இன்று மாறத் தொடங்கியுள்ளது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹட்டனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம், தேயிலை வடிகளையும் தேயிலைப் பைகளையுமே தமது படைப்புகளுக்கான தளமாகக் கொண்டுள்ளார். அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற ஹேமா ஷிரோனி, ஊசியும் நூலும் கொண்டு துணியில் வீட்டையும் இடப்பெயர்வையும் பதிவுசெய்கின்றார். சாயம் வடிந்த பின் வடியில் எஞ்சுவது சக்கை. வருமானத்தை நாட்டுக்கு ஈட்டிக்கொடுத்துவிட்டு லயன் காம்பராவில் எஞ்சிய ஒரு சமூகத்தைக் குறிக்க இதனினும் பொருத்தமான பொருள் வேறெது?

ஆனால், இத்தகைய ஆக்கங்கள் பெரும்பாலும் கொழும்பின் கலைக்கூடங்களிலேயே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ஓவியத்தில் இடம்பெறும் தாய் அதனைக் காண வேண்டுமாயின், அன்றைய 'பேரை' இழந்து, 120 கிலோமீற்றருக்கு மேல் பயணிக்க வேண்டும். யாருடைய வாழ்வு வரையப்பட்டதோ அவர்களே அதனைக் காணாதிருப்பின், புதிய ஓவியமும் பழைய தேயிலைப் பெட்டியின் படம் போன்று பிறர் இரசிப்பதற்கான பொருளாகவே முடிந்துவிடும் அபாயம் உண்டு.

சம்பளமும் வீடும் காணியும் தீராத பிரச்சினைகளாக இருக்கையில் ஓவியக் கண்காட்சி எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். 1948 இல் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்கள், 2023 இல் தமது வருகையின் இருநூறாண்டை நினைவுகூர்ந்தபோது முன்வைத்த கோரிக்கை, கூலிக்கு மேலாகச் சம பிரஜைகளாக மதிக்கப்பட வேண்டும் என்பதே. தம்மைத் தாமே சித்திரிக்கும் உரிமையும் அம்மதிப்பின் ஓர் அங்கமாகும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஹட்டன், நுவரெலியா, தலவாக்கலை நகர மண்டபங்களும் பாடசாலை மண்டபங்களும் போதுமானவை. கம்பளைக்கு அண்மையில் பழைய பீக்கொக் தோட்டத்தில் 2007 இல் ஆரம்பிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் இதற்கு ஏற்ற இடமே. கண்காட்சிகள் தொழிலாளருக்கு ஓய்வான ஞாயிறு தினங்களில் நடைபெற வேண்டும். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்குப் பயிற்றப்பட்ட சித்திர ஆசிரியர்களை நியமிப்பதும், மலையகத்தின் தமிழ், முஸ்லிம் மாணவியர் அப்பாடத்தை உயர்தரத்திலும் தொடர வழிசெய்வதும் கல்வி அதிகாரிகளின் கடமையாகும்.

மகள் வரைந்த படத்தின் முன் தாய் நின்று, "இது நானல்லவா!" எனக் கூறும் நாளே அக்கண்காட்சி முழுமை பெறும் நாளாகும்.