பெரியாற்றுக் காட்டின் பாடம்

2024ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் 14 ஜில்லாக்களில் 40 காட்டுவழிகளைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டனர். மலைவாசிகளிலும் அடிவாரத்து ஊராரிலும் வாலிபர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்து, அவர்களையே வழிகாட்டிகளாக அமர்த்தியிருக்கின்றனர். 2018ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் குரங்கணி மலையில் இருபதுக்கு மேற்பட்டோர் காட்டுத்தீக்கு இரையான கொடுமையை மறவாதவர் எவரும் இவ்வேற்பாட்டைக் குறை கூறார். நாமும் கூறவில்லை. ஆயினும், வழிகளை ஆளும் அதிகாரம் சர்க்காரின் கழகம் ஒன்றினிடம் இருக்க, மலைமக்களின் கையில் ஊன்றுகோல் மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதற்கு விடை தேட நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டிக் குமுளிக் கணவாயில் ஏறினால் போதும்.

பெரியாற்றுப் புலிக்காப்பகம் 1978ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. இன்று அதன் பரப்பு 925 சதுர கிலோமீட்டர். 1895 முதல் மதுரைச் சீமைக்கு நீர் தந்துவரும் ஏரியைச் சுற்றி நிற்கும் பசுமை மாறாக் காடு அது. அக்காட்டில் ஒரு கூட்டத்தார் இரவோடிரவாய்ப் புகுந்து, காட்டிலவங்க மரங்களைச் சாய்த்துப் பட்டையை உரித்துத் தலைச்சுமையாய்க் கொண்டு சென்று விற்றுப் பிழைத்து வந்தனர். காட்டிலே தங்கும் நாட்களில் அவர்களுக்கு உணவானவை அங்கே திரிந்த விலங்குகளே. வன இலாகா அவர்களைப் பிடிப்பதும், வழக்குத் தொடுப்பதும், அவர்கள் ஜாமீனில் வெளிவருவதும் வாடிக்கையாயிருந்தது. வக்கீல் தொழிலில் பழகிய நாம் ஒன்று சொல்வோம்: வழக்குச் செலவுக்குப் பணம் தேட அவ்வேழைக்கு இருந்த ஒரே வழி மறுபடியும் காட்டுக்குள் போவதுதான். தண்டனையே குற்றத்தை வளர்த்தது.

1996இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய காட்டோர மக்கள் அபிவிருத்தித் திட்டத்தின் கீழ், அங்கிருந்த உத்தியோகஸ்தர் சிலர் வேறு வழியில் யோசித்தனர். 1998இல் அப்பட்டைக்காரர்களில் இருபது பேருக்குச் சற்று மேற்பட்டோரை ஒரு சங்கமாக்கினர். அவர்கள் மேலிருந்த வழக்குகள் தீர வழி செய்வதென்றும், அவர்கள் தமது இரகசியத் தடங்களையும் சரக்கு வாங்குவோரையும் காட்டிக்கொடுப்பதென்றும் உடன்பாடாயிற்று. திருட்டுக்குப் பயன்பட்ட அதே தடங்களில் இப்பொழுது அவர்கள் பிரயாணிகளை அழைத்துச் செல்கின்றனர். ஐந்து பிரயாணிகளுக்கு மேல் ஒரு கூட்டத்தில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு வழிகாட்டிகள் ஐவர், துப்பாக்கி ஏந்திய காவலர் ஒருவர். இரவில் காட்டிலேயே கூடாரம். வரும் பணத்தில் ஒரு பகுதி கூலியாகவும், ஒரு பகுதி சங்கத்தின் பொது நிதியாகவும் போகிறது. பிரயாணி யானையையும் காட்டெருமையையும் காண்கிறார்; காடோ காவல் பெறுகிறது. ஆள் நடமாட்டமுள்ள தடத்தில் வேட்டைக்காரன் துணிந்து வருவதில்லையன்றோ? மன்னான், பளியர் குடிகளும் இவ்வாறே சங்கங்கள் அமைத்து வழிகாட்டி வருகின்றனர். 2002 முதல் காட்டோரத்துப் பெண்கள் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் ஊதியம் ஏதும் பெறாமல் காட்டைச் சுற்றிக் காவல் புரிந்தனர். அப்பெண்மணிகளை நாம் மனமார வணங்குகிறோம்.

இத்தனை நன்மையையும் ஒப்புக்கொண்ட பிறகு, அதிலுள்ள குறையையும் சொல்லியாக வேண்டும். இச்சங்கங்களில் தலைவர் ஊர்க்காரர். செயலாளரோ வன இலாகாவின் ஊழியர். இலாகாவின் கையெழுத்தின்றிப் பொது நிதி நகராது. நல்ல உத்தியோகஸ்தர் இருக்கும் வரையில் எல்லாம் நலமே. அவர் மாற்றலாகிப் போனால்? 2012 ஜூலையில் புலிக்காப்பகங்களின் உட்பகுதிக்குள் பிரயாணிகள் செல்லலாகாதென்று சுப்ரீம் கோர்ட்டு இடைக்காலத் தடை விதித்தது. அக்டோபரில் புதிய விதிகளோடு தடை நீங்கிற்று. 2020இல் கொள்ளைநோய் வந்து கதவுகள் அடைபட்டன. காப்பகத்தின் வாயில் எப்பொழுது திறக்கும், எப்பொழுது மூடும் என்பதில் வழிகாட்டிக்கு ஒரு வாக்கும் கிடையாது. தயவினால் பெற்றது தயவு போனால் போய்விடும்; உரிமையாய்ப் பெற்றதற்கன்றோ நியாயஸ்தலத்தில் நிற்க முடியும்!

அவ்வுரிமைக்குச் சட்டமும் இல்லாமற் போகவில்லை. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், மலைமக்கள் தொன்றுதொட்டுக் காத்துவந்த சமுதாய வனத்தைப் பாதுகாக்கவும் நிருவகிக்கவும் அவர்களுக்கே உரிமை அளிக்கிறது. வனவிலங்குகளைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கிறது. 1882ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம் ஒரே வீச்சில் பறித்ததை, 124 வருஷம் கழித்துக் காகிதத்திலாவது பார்லிமெண்டு திருப்பிக் கொடுத்தது. காகிதத்திலிருந்து அது காட்டுக்குப் போய்ச் சேர வேண்டாமா?

மலைமக்களுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது, நிதியைக் கையில் கொடுத்தால் சிதறிவிடும் என்று கூறுவோர் உளர். இவ்வாதத்தை நாம் முன்னரே கேட்டிருக்கிறோம். பாரத ஜனங்களுக்குத் தம்மைத் தாமே ஆளும் பக்குவம் வரவில்லையென்று வெள்ளைக்கார அதிகாரிகள் ஓதிவந்த மந்திரம் இதுவே. அன்று அதைக் கேட்டுக் கொதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று இலாகா நாற்காலியிலமர்ந்து அதே மந்திரத்தை மலைவாசிக்கு ஓதுவது நகைப்புக்கிடம். கணக்குத் தெரியாதென்றால் கணக்குக் கற்பிப்பதே முறை. யானையின் காலடியைப் பார்த்து அது சென்ற நேரத்தைக் கணிப்பவனுக்கு வரவு செலவு என்ன பெரிய வித்தை?

ஆதலின் சென்னை சர்க்காரை நாம் வேண்டுவது: காட்டுவழி ஒவ்வொன்றின் வருமானமும் செலவும் அவ்வழியைச் சார்ந்த மலையூரின் கிராம சபையில் தமிழில் வாசிக்கப்பட வேண்டும். அதில் ஊருக்குரிய பங்கு இன்னதென்று அரசாணையிலேயே குறிக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேரை உள்ளே விடுவது, எந்த மாதம் வழியை மூடுவது என்பவற்றைச் சபையைக் கலந்தே தீர்மானிக்க வேண்டும். தீக்காலத்தில் வழி மூடியிருக்கும்பொழுது வழிகாட்டிகளைத் தீத்தடுப்புக் காவலுக்கு அமர்த்திக் கூலி கொடுக்க வேண்டும். காட்டுத்தீயை முதலில் காணும் கண் அவர்களுடையது. சமுதாய வன உரிமை கோரி மலையூர்களிலிருந்து வந்துள்ள மனுக்களைக் கலெக்டர்கள் அடுத்த தீக்காலத்துக்குள் விசாரித்து முடிக்கட்டும்.