பழைய காரும் உப்புக் காற்றும்

மாற்றலாகித் தாயகம் திரும்பும் அலுவலர்கள் தங்கள் கார்களை விற்றுச் செல்வதும், அவற்றை நம் குடும்பத்தினர் வாங்குவதும் இத்தீவுகளில் ஆண்டுதோறும் நிகழ்வன. “ஐந்து வயதான ஆல்டோ, 20,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, வாங்கலாமா?” என்று அன்பர் ஒருவர் நமக்கு எழுதிக் கேட்டுள்ளார். பல ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கைமாறும் காரியமாதலால், சற்று விரிவாகவே விடை கூற விரும்புகிறோம்.

ஓடிய தூரம் குறைவு என்பதை அன்பர் பெரிதாக எண்ணுகிறார். சென்னையிலோ மதுரையிலோ அது தக்க அளவுகோலாகலாம். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றுள்ள நம் போர்ட் பிளேயரில் அவ்வாறு கொள்வதற்கில்லை. அபர்தீன் கடைவீதியிலிருந்து வண்டூர் நோக்கிச் சென்றால் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் கடல் வந்துவிடுகிறது. ஆகவே இங்குள்ள கார் அதிகம் ஓடாதிருப்பதில் வியப்பில்லை. வீடு, அலுவலகம், பள்ளி என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றுவிடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூடு பெறுவதில்லை, ஆயிலில் சேர்ந்த ஈரம் ஆவியாகி வெளியேறுவதில்லை, சைலென்சருக்குள் நீர் தங்கி உள்ளிருந்தே அரிக்கிறது, பேட்டரியும் நிறைவதில்லை. மேடும் பள்ளமுமான ஊராதலால், கிளட்ச் மட்டும் ஓடிய தூரத்திற்கு மிஞ்சித் தேய்ந்திருக்கும்.

இவை யாவற்றிலும் பெரிய பகை துருவே. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. இங்கோ சுமார் 3,000. அதனோடு உப்புக் காற்று. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் நிலநடுக்கத்தில் போர்ட் பிளேயர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் போன்ற தாழ்நிலங்களில் கடல்நீர் புகுந்தது. ஓதக் காலத்தில் உவர்நீர் ஏறும் வழிகளில் ஓடிய வண்டியை விலைக்குக் கேட்கவே வேண்டா என்பது நம் கருத்து. எஞ்சின் கெட்டால் பிரித்துச் சீராக்கலாம். ஆனால் இச்சிறு கார்களுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்தகடே எலும்பும் தோலுமாக நிற்கிறது. அது அரித்துப்போனபின் செய்வதெல்லாம் ஒட்டுப்போடுதலே.

எனவே மேற்பூச்சின் பளபளப்பில் மயங்காது, வண்டியைத் தூக்கச்செய்து அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். ஜாக்கி கொடுக்கும் இடங்கள், கதவுகளுக்குக் கீழுள்ள விளிம்பு, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பொருந்தும் இடம், பிரேக் குழாய்கள் ஆகியவற்றை விளக்கு வைத்துக் காண்க. கால்விரிப்பைத் தூக்குக, ஸ்டெப்னிக் குழியைக் கையால் தடவிப் பார்க்க. சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றால், கதவின் கீழ்ப்புறத்தில் அது ஒட்டாத இடமே தகடு போய்ப் பட்டி நிரப்பிய இடமென்று அறியலாம். மின்கம்பி இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் பின்னர் ஓயாத தொல்லை. அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருப்பதைக் கண்டால் நமக்கு மகிழ்ச்சியைவிட ஐயமே மிகுதி! விற்பதற்கு முந்திய வாரம் அடித்த பூச்சு எதை மறைக்கிறதோ?

எஞ்சினைக் காலையில், அது குளிர்ந்திருக்கும்போது முடுக்கிப் பார்க்க வேண்டும். உரிமையாளர் முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் மற்றொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். நீலப்புகை, ஆயில் எரிவதற்கு அடையாளம். ஏற்றத்தில் எஞ்சின் ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் கிளட்ச் போயிற்று.

ஊருக்குள் கார் நின்றால் தள்ள நாலு பேர் வருவர். ரங்கத்திற்கோ மாயாபந்தருக்கோ உறவினரைக் காணச் செல்வோரின் நிலை வேறு. ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெயிட் வரை, ஜாரவாக் காப்பகத்தின் ஊடே, குறித்த நேரத்தில் அணியாகவே வண்டிகள் செல்ல வேண்டும். வழியில் நிறுத்துவதற்கோ இறங்குவதற்கோ அனுமதியில்லை. அக்காட்டு வழியில், குழந்தைகளுடன் செல்லும்போது ரேடியேட்டர் குழாய் வெடித்தால் என்னாகும் என்று வாங்குமுன் எண்ணிப் பார்ப்பது நன்று.

எந்த வண்டி என்பதையும் கூறிவிடுவோம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. மிக இளையதும் பத்து மழைக்காலங்களுக்கு மேல் கண்டுவிட்டது. 2000 இல் வந்த ஆல்டோ வரிசையே நமக்கு உகந்தது. உதிரிப்பாகம் கப்பலில் வரவேண்டிய ஊரில், உள்ளூர்க் கடை அலமாரியில் பாகம் கிடைக்கும் வண்டியே நம்பத்தக்கது. அன்பரின் ஆல்டோவில் தேய்ந்த கிளட்ச்சைக் கண்டால் விலையைக் குறைத்துப் பேசலாம். அடித்தகட்டில் துளை கண்டால் எவ்விலைக்கும் வேண்டா.

வண்டி தமிழ்நாட்டு எண்ணுடையதாயின், 12 மாதங்களுக்கு மேல் இங்கு வைத்திருக்க ஏ.என். எண் பெற்றாக வேண்டும்; அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. ஆகவே படிவம் 28, 29, 30 ஆகியவற்றிலும், வங்கிக் கடன் இருந்திருந்தால் 35 இலும், விற்பவர் கப்பல் ஏறுமுன் கையொப்பம் வாங்கிவிடுக.