டீ கப் டீ குடிக்கத்தான்!

மாகறல்ல நடுராத்திரி ஒரு குழந்தைக்கு இழுப்பு வந்தா என்ன நடக்கும்? அம்மா தோள்ல போட்டுக்குவாங்க, அப்பா பைக்கை எடுப்பாரு, உத்திரமேரூருக்கோ காஞ்சிபுரத்துக்கோ ஓடுவாங்க. போய்ச் சேர்ந்தா அந்தப் பிஞ்சு முகத்துல வைக்க ஒரு மாஸ்க் இருக்குமா?

இது கற்பனைக் கேள்வி இல்ல. 2023-ல் உத்திரமேரூர் அரசு மருத்துவமனையில், மூச்சுத்திணறலோடு வந்த பள்ளி மாணவனுக்கு மாஸ்க்குக்குப் பதிலாக பேப்பர் டீ கப் வைத்தார்கள். செய்தி பரவியதும் அமைச்சர் மா.சுப்பிரமணியன் விசாரணைக்கு உத்தரவிட்டார்.

"கப்பா இருந்தா என்ன, காத்து போகுதுல்ல?" என்று முட்டுக் கொடுக்கும் அன்பர்களே, கேளுங்க. முகத்தோடு ஒட்டாத கப்பில் மருந்து பக்கவாட்டில் கசிஞ்சு போயிடும். குழந்தையின் நுரையீரலுக்குப் போறது கொஞ்சம்தான்.

1999-ல் 'லான்செட்' இதழில் தென்னாப்பிரிக்க மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. ஆஸ்துமா முற்றி வந்த குழந்தைகளுக்கு இன்ஹேலர் மருந்தைப் பலவிதமா கொடுத்துப் பார்த்தாங்க. வாய்ப்பகுதியில் காற்று கசியாமல் செய்த 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டில், கம்பெனி ஸ்பேசருக்கு இணையா வேலை செய்தது. கடைசியில் நின்னது எது தெரியுமா? கப்!

ஸ்பேசர் என்பது பெரிய ராக்கெட் இல்ல. மருந்தைப் பிடித்து வைக்கும் ஒரு குழாய், முகத்தில் பொருந்தும் ஒரு சின்ன மாஸ்க். குழந்தை சாதாரணமா அஞ்சாறு மூச்சு விட்டாலே மருந்து உள்ளே போயிடும். கரண்ட் போனாலும் நிக்காது. பெரும்பாலான குழந்தைகளுக்கு நெபுலைசருக்கு இணையான பலன் என்று ஆய்வுகள் சொல்லுது.

1994-லேயே மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, மருந்து கொள்முதலில் மற்ற மாநிலங்களுக்கே வழிகாட்டிய தமிழ்நாட்டுல ஒரு மாஸ்க்குக்குப் பஞ்சமா? இருப்பைக் கணக்கு பார்க்காத நிர்வாகத்தை விட்டுட்டு, ராத்திரி டியூட்டி நர்ஸ் மேல பழி போடுறதை ஏத்துக்க மாட்டோம். கையில பொருள் கொடுக்காம வேலை வாங்குறவங்கதான் பதில் சொல்லணும்.

நம்ம கோரிக்கை மூணுதான்:

🔴 ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குழந்தை அளவு மாஸ்க், ஸ்பேசர், சால்புடமால் இன்ஹேலர் 24 மணி நேரமும் இருக்கணும்.
🔴 இருப்புப் பட்டியலை வாசல்ல ஒட்டணும்.
🔴 ஊழியர்களுக்கும் பெற்றோருக்கும் பயிற்சி தரணும்.

தோழர்களே, நாளைக்கே உங்க ஊர் சுகாதார நிலையத்துக்குப் போங்க. "குழந்தைக்கு ஸ்பேசர் இருக்கா?"ன்னு மரியாதையா கேளுங்க. இல்லேன்னா மனு எழுதுங்க, கிராம சபையில எழுந்து பேசுங்க.

டீ கப் டீக்கடையில இருக்கட்டும். மருத்துவமனையில மாஸ்க் இருக்கட்டும்!

#குழந்தைக்கு_மூச்சு_வேணும்