விமானியாக விரும்பும் வாலிபர்கள்

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் உழைப்போரின் பிள்ளைகளும் இன்று விமானியாக விரும்புகின்றனர். இவ்வாசையை நாம் மனமார வரவேற்கிறோம். முதலில் சேர வேண்டியது விமானப் பயிற்சிப் பள்ளியிலா, சர்வகலாசாலையிலா என்பதே கேள்வி.

நம் தேசத்துச் சட்டம் விமானியிடம் பட்டம் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி, 200 மணி நேரப் பறப்பு, பரீட்சைகள், வைத்தியச் சான்று ஆகியவற்றையே கேட்கிறது. ஆயின் பயிற்சிக்கோ பல லட்சம் ரூபாய் வேண்டும். 2012-இல் கிங்பிஷரும், 2019-இல் ஜெட் ஏர்வேஸும், 2023-இல் கோ பர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது லைசென்ஸ் இருந்தும் விமானிகள் வேலையிழந்தனர். கம்பெனி மூடினாலும் கடன் மூடுவதில்லை.

ஆகவே, பெற்றோர் வீட்டை அடகு வைக்குமுன் பிள்ளை முதல் வகுப்பு வைத்தியப் பரீட்சையில் தேறட்டும், பட்டமொன்றையும் கைக்கொள்ளட்டும், பிறகு பறக்கட்டும். தகுதியிருந்தும் பணமில்லாதவனுக்குப் பயிற்சிச் செலவு தருவது சர்க்காரின் கடமை. ஆகாயம் தனவந்தருக்கு மட்டும் உரியதன்று.