நகல் மேலதிகாரிக்கு

அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் சென்றவர் ஔவையார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்துடன் காட்டினான். பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மனையில் கிடந்த கருவிகளை அவர் வியந்துரைத்தார். எம் அரசன் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் உள்ளன என்றார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு இது.

நாம் குடியேறி வாழும் காளஹஸ்தியும் பழைய தொண்டைநாட்டுத் தலமே. இன்று நம் பிள்ளைகளுக்கு அத்தகைய உரை மின்னஞ்சலில் வருகின்றது. ‘ஜென்டில் ரிமைண்டர்’ என்பது பெயரளவில் மென்மையான நினைவூட்டல். உட்பொருளோ, ‘இன்னுமா முடியவில்லை?’ ‘முந்தைய கடிதத்தில் குறித்தபடி’ எனின், ‘படிக்கவே மாட்டீரோ?’ இவற்றினும் கொடியது மேலதிகாரிக்கு ஒரு நகல் அனுப்புவது. குத்தல் ஒருவருக்கு, வாசகர் வேறொருவர்!

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, அலுவலகத்தில் ஆங்கிலம் என வாழும் நம் இளைஞர், குத்தலை உபசாரமென்று கொள்வதும் உண்டு. கள்ளமற்ற வரியில் குத்தலைக் கண்டு உறக்கம் இழப்பதும் உண்டு. ஔவையாருக்கு ஒரு வசதி இருந்தது: கேட்டவன் முகம் எதிரே இருந்தது.

நம் சங்கத்துக் குடும்பப் பெண்ணொருத்தி, நகலுடன் வந்த அத்தகைய கடிதத்திற்குக் கடுமையான பதிலை இரவெல்லாம் எழுதி எழுதி அழித்தாள். காலையில் அனுப்பியவரின் மேசைக்கே சென்றாள். அவள் முன்னர் அனுப்பிய கடிதத்தில் கணக்குத்தாள் இணைக்கப்படவே இல்லை!

“வெறுங்கடிதம் வந்ததே, அம்மா! என்னை எள்ளுகிறீர்கள் என்றல்லவா எண்ணினேன்?” என்று தெலுங்கில் சொன்னாராம் அவர்.