கவுண்டி என்ன சார் பண்ணுது?

போன மாதம் சன்னிவேலில் ஒரு நண்பர் வீட்டில் பாட்லக். சாம்பார் சாதத்தைத் தட்டில் வாங்கிக்கொண்டு உட்காருவதற்குள் பேச்சு வீட்டு விலைக்குப் போய், அங்கிருந்து சொத்துவரிக்கு வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். "சிட்டி ரோடு போடுது, குப்பை அள்ளுது. ஸ்கூல் பாடம் சொல்லிக் கொடுக்குது. இந்த கவுண்டி என்ன சார் பண்ணுது? வருஷத்துக்கு ரெண்டு தடவை பணம் பிடுங்குறதைத் தவிர?" என்றார் ஒருவர். இருபது வருடமாக சான்டா கிளாரா கவுண்டியில் குடியிருப்பவர். சுற்றியிருந்த ஏழெட்டுப் பேரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது வாயில் சாதம். பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தப் "பிடுங்குறது". பில் கவுண்டியின் பெயரில் வருவதால் பணமும் கவுண்டிக்கே போகிறது என்று நினைக்கிறோம். கவுண்டி இதில் தண்டல்காரர் மட்டுமே. கலிபோர்னியா முழுக்க சொத்துவரியின் அடிப்படை விகிதம் ஒரு சதவீதம். வீடு கைமாறாதவரை மதிப்பீடு ஆண்டுக்கு அதிகபட்சம் இரண்டு சதவீதம்தான் ஏறலாம். 1978-ல் வாக்காளர்களே புரொபசிஷன் 13 என்று நிறைவேற்றி வைத்த கட்டு இது. அதைக் கவுண்டி நினைத்தாலும் அவிழ்க்க முடியாது. வசூலாவதில் ஏறக்குறையப் பாதி பள்ளிகளுக்கும் கம்யூனிட்டி கல்லூரிகளுக்கும் போகிறது. கவுண்டி நிர்வாகத்துக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதி நகரங்களுக்கும் சிறப்பு மாவட்டங்களுக்கும் போகிறது. "ஸ்கூல் பாடம் சொல்லிக் கொடுக்குது" என்றாரே, அந்தப் பள்ளிக்கான பணம் போவதே அவர் திட்டிக்கொண்டிருந்த பில் வழியாகத்தான்.

கேள்வி கேட்டவருடைய கோபத்தின் வேர் வேறு என்று எனக்குத் தெரியும். அவர் 2021-ல் வீடு வாங்கினார். அதே மாதிரி வீட்டை 1985-ல் வாங்கிய பக்கத்து வீட்டுப் பெரியவர் கட்டுகிற வரி, இவர் கட்டுவதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்த வயிற்றெரிச்சலுக்கான முகவரி மாநில அரசியல் சட்டம், கவுண்டி அலுவலகக் கவுன்டர் இல்லை. டிசம்பர் 10, ஏப்ரல் 10 என்ற தவணைக் கெடு தாண்டினால் போடும் 10 சதவீத அபராதமும் மாநிலச் சட்டம் சொல்வதே.

அடுத்தது, "சிட்டி ரோடு போடுது". இதைச் சொன்னவர் தினமும் லாரன்ஸ் எக்ஸ்பிரஸ்வேயில் வேலைக்குப் போகிறவர் என்பதுதான் வேடிக்கை. லாரன்ஸ், மான்டேகு, சான் தோமஸ், சென்ட்ரல், ஃபுட்ஹில், கேப்பிடல், ஆல்மடன், ஆரிகன்–பேஜ் மில் என்ற எட்டு எக்ஸ்பிரஸ்வேக்களும் கவுண்டியுடையவை. 1961-ல் கவுண்டி வாக்காளர்கள் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்து போட்ட சாலைகள். லாரன்ஸில் போகும்போது நீல நிற ஐங்கோணப் பலகை ஒன்று, மஞ்சள் எழுத்தில் 'ஜி2' என்று நிற்கும். கவுண்டிச் சாலை என்பதற்கு அதுதான் அடையாளம். சன்னிவேலில் ஏறி, சான்டா கிளாரா நகரத்தைத் தொட்டு, சான் ஹொசேயில் இறங்குகிற சாலையை எந்த ஒரு சிட்டி போடும்? பதினைந்து நகரங்கள் இருக்கும் இடத்தில் நகர எல்லையோடு முடியாத வேலையை யாராவது ஒருவர் செய்தாக வேண்டும். லாரன்ஸில் மாலை ஐந்தரை மணிக்கு அனுபவிக்கும் அவஸ்தைக்கும் கவுண்டியைத்தான் திட்ட வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குழப்பத்துக்கு நம் மொழிபெயர்ப்பும் ஒரு காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கவுண்டியை 'மாவட்டம்' என்கிறோம். சொன்னதும் மனதில் கலெக்டர் ஆபீஸ் வந்துவிடுகிறது: மேலிருந்து நியமிக்கப்பட்ட அதிகாரி, மனுநீதி நாள், வாசலில் கூட்டம். இங்கே கவுண்டியை ஆள்வது தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து சூப்பர்வைசர்கள். ஷெரிஃப், மாவட்ட அரசு வழக்கறிஞர், வீட்டுக்கு மதிப்புப் போடும் அசெஸர் ஆகியோரும் நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள்தான்.

சின்னச் சின்ன வேலைகளைச் சொல்லிக்கொண்டே போகலாம். எல் கமினோவில் தோசைக் கடை வாசலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓர் அட்டை ஒட்டியிருக்குமே, அது கவுண்டி சுகாதார ஆய்வாளர் கொடுத்துவிட்டுப் போவது. (மஞ்சள் அட்டையைப் பார்த்த பிறகும் உள்ளே போகிறவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை போனேன், நெய் ரோஸ்ட்டுக்காக.) பெட்ரோல் பம்பிலும் இந்தியக் கடைத் தராசிலும் இருக்கும் முத்திரை ஸ்டிக்கர், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், கல்யாண லைசென்ஸ், கொசு மருந்து, வசோனா பூங்கா எல்லாமே கவுண்டிதான்.

இவற்றையெல்லாம் யாரும் மறுக்கப் போவதில்லை. 'சரி சார், சில்லறை வேலைகள்' என்பார்கள். 2020 மார்ச் 16 சில்லறையா? அன்று வளைகுடாப் பகுதியின் ஆறு கவுண்டிகள் சேர்ந்து, எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று உத்தரவு போட்டன. நாட்டிலேயே முதல் உத்தரவு அது. மாநிலம் முழுவதற்குமான உத்தரவு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. நம் கவுண்டியில் அதை அறிவித்தவர் சுகாதார அதிகாரி டாக்டர் சாரா கோடி. சான் ஹொசே மேயரோ சன்னிவேல் கவுன்சிலோ இல்லை. தொற்றுநோய்க் காலத்தில் உள்ளூர் அளவில் கடையை மூடு, திற என்று சொல்லும் சட்ட அதிகாரம் கவுண்டி சுகாதார அதிகாரியிடம்தான் இருக்கிறது. அந்த உத்தரவு சரியா, அளவுக்கு மீறியதா என்று இன்றும் சண்டை போடலாம். கவுண்டி ஒன்றுமே செய்வதில்லை என்று மட்டும் அதற்குப் பிறகு சொல்ல முடியாது.

அடுத்த வாதம் கொஞ்சம் கனமானது. "கவுண்டி ஆஸ்பத்திரி நட்டத்தில் ஓடுது. நமக்கெல்லாம் கம்பெனி இன்ஷூரன்ஸ் இருக்கு. யாருக்கோ நாம ஏன் அழணும்?"

எங்கள் அபார்ட்மெண்டில் சில வருடங்களுக்கு முன் நடந்ததைச் சொல்கிறேன். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, ஊரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். மின்சார அடுப்பு, அவருக்குப் பழக்கமில்லாத தட்டை வாணலி. எண்ணெய் சரிந்து கையிலும் தொடையிலும் கொட்டிவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்துவிட்டு, இதை வேலி மெடிக்கல் சென்டர் தீக்காயப் பிரிவில்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மகன் என்னைக் கேட்ட முதல் கேள்வி, "கவுண்டி ஆஸ்பத்திரியா அண்ணா? வேற நல்ல இடம் இல்லையா?" அவன் மனதில் இருந்தது நம்மூர் பெரியாஸ்பத்திரி வராந்தா. பாஸ்கம் அவென்யூவில் உள்ள அந்தத் தீக்காயப் பிரிவைப் போன்றவை வட கலிபோர்னியாவிலேயே விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. அம்மா பத்து நாள் அங்கே இருந்தார். இப்போது மதுரையில் முறுக்குப் பிழிந்துகொண்டிருக்கிறார்.

தீக்காயப் பிரிவு, ட்ராமா சென்டர் இரண்டும் லாபம் தரும் தொழில் இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் சர்ஜன் தயாராக இருக்க வேண்டும், விபத்து நடந்தாலும் நடக்காவிட்டாலும். அதனால் தனியார் முதலில் கைகழுவுவது இவற்றைத்தான். கிழக்கு சான் ஹொசேயில் ரீஜனல் மெடிக்கல் சென்டர் கதை அதுதான். அதை நடத்திவந்த எச்.சி.ஏ. நிறுவனம் 2020-ல் அங்கே பிரசவப் பிரிவை மூடியது. 2024-ல் ட்ராமா சென்டரையும் மூடப்போவதாக அறிவித்தது. கடைசியில் கவுண்டி அந்த ஆஸ்பத்திரியை 175 மில்லியன் டாலருக்கு வாங்கி, 2025 ஏப்ரல் 1 முதல் நடத்துகிறது. அதற்கு முன்பே, வெரிட்டி நிறுவனம் திவாலானபோது ஓகானர் ஆஸ்பத்திரியையும் கில்ராயில் உள்ள செயின்ட் லூயிஸையும் 2019 மார்ச்சில் 235 மில்லியனுக்கு வாங்கியிருந்தது. அப்போதும் "ஓடாத ஆஸ்பத்திரியை வாங்குறான்" என்றுதான் பேச்சு. ஐந்தாவது மாதம், ஜூலை 28-ஆம் தேதி, கில்ராய் பூண்டுத் திருவிழாவில் துப்பாக்கிச்சூடு நடந்தது. காயம்பட்டவர்களில் சிலரைக் கொண்டுபோனது அதே செயின்ட் லூயிஸுக்கு. கவுண்டியின் தென்கோடியில் வேறு ஆஸ்பத்திரியே கிடையாது.

நட்டம் வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கதியற்றவர்களை கவுண்டிதான் பராமரிக்க வேண்டும் என்று மாநில நலச் சட்டத்தின் 17000-ஆவது பிரிவு சொல்கிறது. தனியார் ஆஸ்பத்திரி தனக்கு லாபமில்லாத பிரிவை மூடிவிட்டுப் போகலாம். கவுண்டிக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மற்றவர் கழித்துவிட்ட கணக்கெல்லாம் கடைசியில் இங்கே வந்து சேர்கிறது. அதைக் காட்டி 'பார், நட்டம்' என்பது என்ன நியாயம்? கம்பெனி இன்ஷூரன்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: 101 நெடுஞ்சாலையில் கார் உருண்டால் ஆம்புலன்ஸ் எந்த ட்ராமா சென்டர் பக்கம் திரும்பும் என்பதை உங்கள் இன்ஷூரன்ஸ் அட்டை தீர்மானிப்பதில்லை.

வரிமேல் வரி என்ற புகாரில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 2025 நவம்பரில் மெஷர் ஏ என்று விற்பனை வரியை டாலருக்கு எட்டில் ஐந்து சென்ட் கூட்டினார்கள், ஐந்து வருடத்துக்கு. மத்திய அரசு மெடிக்கெய்ட் பணத்தில் கை வைத்ததால் விழுந்த ஓட்டையை அடைக்க, ஆண்டுக்கு 330 மில்லியன் டாலர் அளவுக்கு வரும் என்பது கணக்கு. நூறு டாலர் பொருளுக்கு அறுபத்திரண்டரை சென்ட். அரிசி பருப்புக்கு இங்கே விற்பனை வரி இல்லை என்றாலும், விற்பனை வரி ஏழையைத்தான் அதிகம் கடிக்கும். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. இது பொது வரியாகக் கொண்டுவரப்பட்டது. பொது வரிக்குப் பாதிக்கு மேல் ஓட்டு இருந்தால் போதும். ஆஸ்பத்திரிக்கே என்று எழுதியிருந்தால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டியிருந்திருக்கும். ஆகவே அந்தப் பணத்தை ஆஸ்பத்திரிக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் கிடையாது, சூப்பர்வைசர்களின் வாக்குறுதிதான் உண்டு. அந்த வாக்குறுதியை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் சரிபார்க்க வேண்டியது நம் வேலை.

நான் கவுண்டிக்கு வக்காலத்து வாங்கவில்லை. 2015-ல் கவுண்டிச் சிறையில் மனநோயாளிக் கைதி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் மூன்று சிறைக் காவலர்கள். 2022-ல் ஷெரிஃப் லாரி ஸ்மித் ஊழல் வழக்கில் தீர்ப்பு வருவதற்குச் சில நாள் முன்பு பதவியை விட்டுப் போனார். ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. மலிவு வீடுகளுக்காக 2016-ல் வாக்காளர்கள் 950 மில்லியன் டாலர் கடன்பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். கட்டடங்கள் எழும்பியிருக்கின்றன. கயோட்டி ஓடைக்கரையில் வீடற்றவர்களின் கூடாரங்களும் இருக்கின்றன. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு எதையும் பாட்லக்கில் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து தலையாட்டியிருப்பேன். ஒன்றுமே செய்யாத அலுவலகம் என்று நினைப்பவர்கள், அது தவறு செய்யும்போதும் கவனிக்க மாட்டார்கள். எனக்கு வருத்தம் அதில்தான்.

கடைசி வாதம், "நாம பேசி என்ன ஆகப்போகுது, அவன் நம்மளை எங்க கண்டுக்கிறான்?" கிழக்கு சான் ஹொசேயில் ரீட்-ஹில்வியூ என்று கவுண்டிக்குச் சொந்தமான சிறு விமான நிலையம் இருக்கிறது. சின்ன விமானங்களின் பெட்ரோலில் ஈயம் கலந்திருக்கும். சுற்றியுள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடுதலாக இருப்பதாக ஆய்வு வந்ததும், அந்தப் பெட்ரோலை அங்கே விற்பதையே 2022 ஜனவரி 1 முதல் கவுண்டி நிறுத்திவிட்டது. அந்தப் பக்கத்து மக்கள் பல வருடம் கூட்டங்களில் மைக் பிடித்துப் பேசியதன் பலனும் அதில் உண்டு. ஒரு சூப்பர்வைசருக்குச் சுமார் நாலு லட்சம் மக்கள். ஹெட்டிங் தெருவில் செவ்வாய்க்கிழமைகளில் சூப்பர்வைசர்கள் போர்டு கூடுகிறது, யாரும் போய்ப் பேசலாம். நம் ஆட்கள் அங்கே வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. போனால்தானே கண்டுகொள்வதற்கு?

கண்டுகொள்ளவில்லை என்பதும் சரியில்லை. போன தேர்தலில், புதிதாகக் குடியுரிமை வாங்கிய என் மாமியாரை ஓட்டுப்போடக் கூட்டிப்போனேன். தபாலில் வந்த சீட்டை வீட்டிலேயே நிரப்பலாம்தான், அவருக்கு நேரில் போக ஆசை. நீளமான ஆங்கிலச் சீட்டைப் பார்த்து மலைத்து நின்றவரிடம், மேசையில் இருந்த பெண் எங்கள் பெயரைக் கேட்டுவிட்டு, ஒரு கோப்பைப் புரட்டி ஒரு தாளை எடுத்து நீட்டினார். தமிழில் அச்சான நகல் வாக்குச்சீட்டு. அதில் ஓட்டுப் போட முடியாது. பக்கத்தில் வைத்துப் படித்துக்கொண்டு, அசல் சீட்டில் அதே இடத்தில் குறிக்க வேண்டும். மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதை அச்சடித்துக் கொடுத்ததும் கவுண்டியின் தேர்தல் அலுவலகம்தான்.

அடுத்த தேர்தலுக்குப் போகும்போது நீங்களும் அந்தத் தமிழ்த் தாளைக் கேளுங்கள், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்திருந்தாலும்.