முன்றில் மண்ணை மூடாதீர்!

இல்லின் முன்னிடத்தை நம் முன்னோர் ‘முன்றில்’ என்றனர். ‘இல்முன்’ என நிற்கவேண்டியது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ என வழங்குவதை இலக்கணப்போலி என்று வகுப்பிற் கற்பிக்கின்றோம். மாணவரும் நெட்டுருச் செய்து மதிப்பெண் பெற்றுக்கொள்கின்றனர். ஆயின், எடுத்துக்காட்டைச் சொல்லளவில் அறிந்த அம்மாணவர்க்குப் பொருளைக் காட்டுதற்கு இன்று எத்தனை வீடுகளில் முன்றில் உளது? தெருக்கதவு தொட்டு வாயிற்படி வரை ஒரே சிமெண்டுத் தளம். அதனை நம்மவர் பைஞ்சுதை என்று பெயர்த்து எழுதலாம். எழுதினும் அதன் சூடு தணியப் போவதில்லை.

சென்ற ஆண்டு வகுப்பில் குறிஞ்சிப்பாட்டைப் பற்றிக் கூறிக்கொண்டிருந்தேன். 261 அடிகளையுடைய அப்பாட்டில், தினைப்புனங் காக்கும் மகளிர் பறித்துக் குவிக்கும் மலர்களைக் கபிலர் அடுக்கிக் கூறுகின்றார். அவை தொண்ணூற்றொன்பது என்று எண்ணிக் காட்டுவர். அப்பாட்டு ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழறிவித்தற்குப் பாடப்பட்டதென்பது பழங்குறிப்பு. பிறமொழியாளன் ஒருவனுக்குத் தமிழைக் கற்பிக்கப் புகுந்த புலவர், அவனைச் செடிகொடிகளுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதை எண்ணுங்கால் ஆசிரியனாகிய எனக்கு மெய்சிலிர்க்கும். அந்த ஊக்கத்தில், “உங்கள் வீட்டில் நிற்கும் செடிகளுள் ஐந்தனுக்குப் பெயர் கூறுக” என்றேன். முதலில் எழுந்த மாணவன் ‘குரோட்டன்சு’ என்றான். அடுத்தவன் ‘மணிப்பிளாண்டு’ என்றான். மூன்றாமவனோ, “எங்கள் வீட்டில் செடியில்லை ஐயா, சிமெண்டு போட்டுவிட்டோம்” என்றான். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் மட்டும் நொச்சி, பிரண்டை, தூதுவளை, முடக்கொற்றான், ஆடாதோடை, கறிவேம்பு, பிச்சி எனப் பன்னிரண்டு பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்கினாள். தாயும் தந்தையும் வெடித்தொழிற்சாலைக்குச் செல்ல, பாட்டியோடு புழைக்கடையில் வளர்ந்தவள் அவள். அன்றைக்கு வகுப்பில் கபிலர்க்கு மாணாக்கியாக இருந்தவள் அவளொருத்தியே.

மாணவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாயெழவில்லை. ஏனெனில் குற்றம் என் வீட்டிலும் இருந்தது. எம். புதுப்பட்டியில் (எங்களூர்ப் பெயர்க்கு முன்னும் ஓர் ஆங்கிலவெழுத்து ஆணியடித்தாற்போல் நிற்கின்றது, அதனை வேறொரு முறை பேசுவோம்) யான் வீடு கட்டியபோது, ஈண்டுள்ளோர் யாவரும் செய்வதையே யானும் செய்தேன். மழை பெய்தால் கரிசற்சேறு காலோடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். பாம்பும் தேளும் புல்லில் மறைந்திருக்கும். மல்லியும் வற்றலும் காயவைக்க நல்ல தளம் வேண்டும். வண்டி நிறுத்த இடம் வேண்டும். இவ்வாறெல்லாம் வீட்டார் கூற, முன்றிலையும் புழைக்கடையையும் ஒருசேரப் பூசிவிட்டோம். பெருமையாகத்தான் இருந்தது.

மூன்றாம் ஆண்டிலேயே தளம் வெடித்தது. கொத்தனாரைக் குறைகூறிப் பயனில்லை. கரிசலின் இயல்பு அது. ஈரங் குடித்தாற் புடைக்கும், காய்ந்தாற் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கும் மண்ணின்மேல் அசையாத ஓட்டைப் போர்த்தினால் ஓடுதானே உடையும்? பிளவை அடைத்தோம், மறுபடியும் பிளந்தது. அதுவும் பெரிதன்று. சித்திரையில் இரவு பத்துமணிக்கும் அத்தளம் அடுப்பங்கல் போற் கனன்றுகொண்டிருந்ததே, அதனைத்தான் தாங்கமுடியவில்லை. பகலெல்லாம் வெயிலை விழுங்கி இரவெல்லாம் வீட்டுக்குள் உமிழ்வது அதன் தொழில். முன்பு அவ்விடத்திற் கயிற்றுக்கட்டிலைப் போட்டு என் தந்தையார் உறங்குவார்.

நீரின் கணக்கையும் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை, அதிற் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. ஒரு சதுரமீட்டர் நிலத்தில் ஒரு மி.மீ. மழை பெய்தால் அது ஒரு லிட்டர். இரண்டு சென்டு முன்றிலென்றால் ஏறக்குறைய 80 சதுரமீட்டர். ஆண்டுக்கு 64,000 லிட்டர் நீர் அதன்மேல் விழுகின்றது. பதினைந்து லிட்டர்க் குடத்தால் அளந்தால் 4,000 குடத்திற்கு மேல்! மண்ணாக இருந்தால் அதிலொரு பகுதி கீழே இறங்கும். தளமாக இருந்தால் முழுதும் சாக்கடைக்கு. மழைக்காலத்தில் 4,000 குடத்தைத் தெருவில் ஊற்றிவிட்டுக் கோடையில் ஒரு குடத்திற்குக் குழாயடியில் நிற்கின்றோம். 2003ஆம் ஆண்டிலேயே தமிழக அரசு ஒவ்வொரு கட்டடத்திற்கும் மழைநீர்ச் சேமிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. பலரும் கூரையிலிருந்து ஒரு குழாயை இறக்கிக் கணக்குக் காட்டினர். அக்குழாய் இறங்கிய முற்றத்தையே பூசி மூடினர்! ஆணைக்கு அடங்கிய அறிவு இவ்வளவுதான்.

எங்கள் பகுதிக்கு இதில் இன்னுமொரு துன்பம் உண்டு. மழை குறைந்த இவ்வறண்ட காற்றே தீப்பெட்டிக்கும் வெடிக்கும் வாய்ப்பாயிற்று. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த நாள்முதல், இவ்வறட்சியே எங்களுக்குச் சோறு போடுகின்றது. ஆனால் அச்சோற்றை ஈட்டுவோர், அவருள்ளும் பெண்டிர், பகலெல்லாம் மருந்துத்தூள் படிந்த சிறு அறைகளில் வெம்மையிற் புழுங்குகின்றனர். அறையை விட்டு வெளியே மரத்தடியில் வைத்து வெடி செய்தமைக்காக வழக்குப் பதியப்பட்டது என்று இதழ்களிற் படிக்கின்றோம். அது விதிமீறல், உயிரைக் குடிக்கும் தவறு, ஐயமில்லை. ஆயினும் அவரை மரத்தடிக்கு இழுத்தது எது என்று எண்ணிப்பார்த்தோமா? நிழல்! அந்நிழல் அவர் திரும்பிவரும் வீட்டிலேனும் இருக்கவேண்டாவா? மாலையில் தகரக்கூரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் இடையில் வந்து அமரும் அம்மக்களுக்கு, முன்றிலில் நிற்கும் ஒரு புங்கமரம் ஆடம்பரமன்று.

‘தோட்டமிட நீருக்கு எங்கே போவது?’ என்பர். பசும்புல் தரையும் அயல்நாட்டு அழகுச்செடியும் வைத்தால் நீர்க்குத் திண்டாட்டந்தான். எம் மண்ணுக்குரியதை வையுங்கள். வேம்பும் புங்கும் சுவரிலிருந்து பத்தடிக்குக் குறையாமல் தள்ளி நிற்கட்டும். முதலிரண்டு கோடை காப்பாற்றினால் பின் அவை நம்மைக் காப்பாற்றும். முருங்கை ஒரு போத்தை நட்டால் வந்துவிடும். நொச்சி வேலியோரத்தில் நின்றால் இலையைப் புகைத்துக் கொசுவை ஓட்டலாம். கரிசலில் இரண்டடிக் குழி தோண்டிச் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் மூன்றையுங் கலந்திட்டு, ஐப்பசி மழைக்குமுன் நடுக. அடுப்படிக் கழிநீர் வாழைக்குப் போதும். கழுநீரும் பாத்திரங் கழுவிய நீரும் போகலாம், சவர்க்காரம் மிகுந்த துணிவெளுத்த நீர் ஆகாது. செடியின் அருகே சுட்ட மண்பானை ஒன்றைக் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால், அது சிறுகச் சிறுகக் கசிந்து வேரை நனைக்கும். இரண்டு மூன்று நாளைக்கொருமுறை நிரப்பினாற் போதும். உதிர்ந்த சருகைக் கூட்டிக் கொளுத்தும் வழக்கத்தை மட்டும் எங்கள் பகுதியில் அடியோடு விட்டொழிக்க வேண்டும். எந்த வீட்டில் என்ன மருந்து இருக்கும் என்று யார் கண்டார்? சருகைச் செடியின் அடியிலேயே மூடாக்காகப் பரப்பினால் ஈரமுங் காயாது, மண்ணும் வளம்பெறும். பாம்புக்கு அஞ்சுவோர் சுவரோரத்தில் விறகும் கல்லும் குவிக்காதிருந்தாலே அச்சம் பாதி நீங்கும். தமிழகத்தின் மலரென்று செங்காந்தளை வைக்க விரும்புவோர், அதன் கிழங்கு கொடிய நஞ்சு என்பதை நினைவிற்கொண்டு குழந்தைகள் கைக்கெட்டாத மூலையில் வைக்க.

அயற்செடி எதுவும் ஆகாதென்று யான் கூறவந்தேனல்லேன். மிளகாய் நம் நாட்டதன்று. கொய்யாவும் பப்பாளியும் அன்ன. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. வந்த மிளகாயைக் கண்ட தமிழன், மிளகின் உறைப்பை நினைந்து ‘மிளகாய்’ என்று தன் சொல்லால் அழைத்து வீட்டுக்குள் அமர்த்திக்கொண்டான். இன்றைய தமிழனோ விலைச்சீட்டில் என்ன எழுதியிருக்கின்றதோ அதையே சொல்லிச் செடியை வாங்கி வருகின்றான். பெயரிடவும் சோம்பிய மாந்தன் நீருற்ற மட்டும் சோம்பாதிருப்பானா? அமெரிக்காவிலிருந்து வந்த சீமைக்கருவேலத்திற்கோ நாம் பெயரிட்டோம். அது கண்மாய்களையே பிடித்துக்கொண்டது. ஆகவே பெயர் ஒன்றே போதாது, செடியின் இயல்பையும் அறிந்தே அதனை உள்ளே விடவேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கின்றேன்.

எங்களூர்க்கு அண்மையிலுள்ள திருவில்லிபுத்தூரை எண்ணுமின். அவ்வூரின் பெரும்புகழ் கோட்டையாலோ படையாலோ வந்ததன்று. இறைவனுக்குப் பூப்பறித்த ஒரு தோட்டக்காரராலும், அவர் துழாய்ச் செடியருகே கண்டெடுத்த மகளாலும் வந்தது. அப்பூந்தோட்டத்தை வடசொல்லால் நந்தவனம் என்பர். ஆழ்வார்கள் பாடிய துழாய் என்னும் தமிழ்ப்பெயரோ இன்று வீடுகளில் வழங்காது போய்த் ‘துளசி’ நின்றுவிட்டது. செடி தப்பியது, சொல் தப்பவில்லை. மற்றையவற்றுக்கு இரண்டுமே தப்பவில்லை என்பதுதான் என் வகுப்பறைக் கவலை.

கடந்த புரட்டாசியில் என் வீட்டு முன்றிலில் ஒரு மூலைத் தளத்தைப் பெயர்த்தேன். கீழே இருந்த மண் காற்றுப்படாது கட்டிப்போய் நாறியது. ஒரு திங்கள் ஆறவிட்டுத் தொழுவுரமிட்டேன். அக்கடைசி வரிசைப் பெண்ணின் பாட்டியார் தந்தனுப்பிய நொச்சிப் போத்தும் பிரண்டைத் துண்டும் இப்போது ஆளுயரம். எஞ்சிய தளத்தையும் இவ்வாடிக்குள் பெயர்த்துத் தரவேண்டுமென்று கொத்தனாரிடம் கூறினேன். “முப்பதாண்டாகப் பூசத்தான் கூப்பிடுகிறார்கள் ஐயா, பெயர்க்கக் கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தாம்” என்று நகைத்து, முன்பணம் வாங்கிச் சென்றிருக்கின்றார்.